மனதை வசியம்பண்ணலாமா?



வாலிபர் ஐக்கியத்தில் ஒரு தம்பி என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். நின்ற இடத்தில் பதில் சொல்லிவிட்டுப் போகிற கேள்வியாக அது எனக்குத் தோன்றவில்லை. ஆகையால் பத்திரிகையில் எழுதுகிறேன் என்று சொன்னேன். தம்பிக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. சனிக்கிழமை இராத்திரிகளில் அறைத்தோழர்கள் ஐந்தாறு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டு விளையாடுகிறார்களாம். சீட்டு இல்லை, பந்தயம் இல்லை. ஒருவன் கதை சொல்லிக்கொண்டு போவான். மற்றவர்கள் ஒருவன் போர்வீரன், ஒருவன் திருடன், ஒருவன் மந்திரவாதி என்று வேஷம் ஏற்று அந்தக் கதைக்குள் நடப்பார்கள். நான் இன்னது செய்கிறேன் என்று வாயால் சொல்லி, இருபது முகமுள்ள பகடையை உருட்டி, பலித்ததா இல்லையா என்று பார்ப்பார்கள். நம்ம தாயக்கட்டையும் தெருக்கூத்தும் சேர்ந்தது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி கேட்டது இதுதான்: "ஏனுங்க பாஸ்டர், அதுல ஒரு மந்திரம் இருக்குதுங்க. காவல்காரன் மேல போட்டா அவன் நம்மள சிநேகிதன்னு நெனச்சுட்டுக் கதவைத் தொறந்து விட்டுருவான். கத்தியில குத்தறதுக்கு இது மேல்தானுங்களே? ரத்தமே இல்லாம காரியம் முடிஞ்சு போயிருது. இது பாவமுங்களா?"

சுலபமான பதில் ஒன்று இருக்கிறது. 'மந்திரம் என்ற வார்த்தை வந்துவிட்டது, ஆகவே பிசாசின் காரியம், தூக்கிப் போடு' என்று சொல்லிவிடலாம். அமெரிக்காவில் அப்படித்தான் சொன்னார்கள். இந்த விளையாட்டை 1974ல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு பேர் வெளியிட்டார்கள். 1980களில் அங்கே பெரிய பீதி கிளம்பியது. இதை விளையாடின பிள்ளைகள் பிசாசு வழிபாட்டுக்கும் தற்கொலைக்கும் போகிறார்கள் என்று 1983ல் இதை எதிர்க்கவே ஒரு அமைப்பு உண்டாயிற்று. 1984ல் ஜாக் சிக் என்பவர் இதற்கு விரோதமாகப் படக்கதைக் கைப்பிரதி அச்சடித்தார். விளையாட்டுக்கும் அந்தச் சாவுகளுக்கும் தொடர்பு உண்டு என்பதோ நிரூபிக்கப்படவில்லை. பயமுறுத்தின பிரசங்கங்கள்தான் மிச்சம்.

நம்ம கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷாவருஷம் யாராவது ஒரு தம்பி ஏரோது ராஜாவாக நிற்கிறான். பெத்லகேமின் குழந்தைகளைக் கொல்லச் சொல்லி மீசையை முறுக்குகிறான். கூட்டம் கை தட்டுகிறது. அடுத்த ஞாயிறு அவனைக் கொலைகாரன் என்று சபையை விட்டு விலக்குகிறோமா? இல்லையே. கதைக்குள் ஒரு காரியத்தைச் செய்கிறதும் வாழ்க்கையில் செய்கிறதும் ஒன்றல்ல. ஆகையால் விளையாடினதினாலேயே தம்பி பாவி என்று நான் எழுதப்போகிறதில்லை. ஆனாலும் அவன் கேள்விக்கு உள்ளே இருக்கிற கேள்வி பெரியது. குத்துகிறதைவிட வசியம் மேலா? ஒருவனுடைய மனதை அவனுக்குத் தெரியாமல் நம்ம பக்கம் திருப்பிக்கொள்ளலாமா? நல்ல காரியத்துக்காக என்றால்?

இதை விளையாட்டாகக் கேட்கிறவர்கள் பெங்களூரில் இருக்கலாம். நம்ம வேலம்பாளையத்தில் நிஜமாகவே கேட்கிறார்கள். பஸ் ஸ்டாண்டு சுவரிலும் கரண்ட் கம்பத்திலும் ஒட்டியிருக்கிற நோட்டீஸைப் படிக்காதவர் யார்? கணவன் மனைவி வசியம், காதல் வசியம், தொழில் வசியம், ஜன வசியம், கேரள மாந்திரீகம், கீழே ஒரு போன் நம்பர். மாந்திரீக நூல்களில் அஷ்டகர்மம் என்று எட்டு வித்தைகளைச் சொல்லுவார்கள். வசியம், மோகனம் என்று இனிப்பாக ஆரம்பிக்கிற அந்த வரிசையில் பேதனமும் மாரணமும் உண்டு. பேதனம் என்றால் சேர்ந்திருக்கிறவர்களைப் பிரிக்கிறது, மாரணம் என்றால் கொல்லுகிறது. அன்பை வரவழைக்கிறதும் ஆளைத் தீர்க்கிறதும் ஒரே கடையில் ஒரே வரிசையில் இருக்கிற சரக்கு. அந்த நூல்களை எழுதினவர்களுக்கே அது தெரிந்திருக்கிறது.

நம்ம சபைக்கு வருகிற ஒரு சகோதரியைப்பற்றி எழுதுகிறேன். பெயரும் தெருவும் எழுதமாட்டேன். அவர்களிடம் கேட்டு, சரி என்ற பிறகுதான் இதையும் எழுதுகிறேன். அவர்கள் கம்பெனியில் கைமடிக்கிற வேலை, வீட்டுக்காரருக்குச் சாயப்பட்டறையில் வேலை. சனிக்கிழமை வாங்குகிற சம்பளத்தில் பாதி அன்றைக்கு இராத்திரியே குடிக்குப் போய்விடும். பக்கத்து மிஷின் அக்கா ஒருத்தி ஒரு பொடியைப்பற்றிச் சொல்லியிருக்கிறாள். ஐயாயிரம் ரூபாய். சோற்றில் பிசைந்து கொடுத்தால் நாற்பது நாளில் மனுஷன் காலடியில் கிடப்பானாம். இடுமருந்து என்று நம்ம பாட்டிமார் சொல்லுகிறார்களே, அதேதான். சகோதரி என்னிடம் வந்து அழுதுகொண்டே கேட்டார்கள்: "பாஸ்டர், இதுல யாருக்குக் கெடுதல்? அவரு குடிக்கமாட்டாரு. புள்ளைங்க படிக்கும். அவருக்கும் நல்லதுதானே?"

பொடியில் பாதரசம் இருக்கிறதோ பாஷாணம் இருக்கிறதோ, நாற்பதாம் நாள் மனுஷன் காலடியில் கிடக்கிறதற்குப் பதிலாக ஆஸ்பத்திரியில் கிடப்பான் என்று சொன்னேன். அதற்கு அவர்கள் பயந்தார்கள். ஆனால் அது பொடியைப்பற்றின பதில், வசியத்தைப்பற்றின பதில் அல்ல. பொடி சுத்தமானது, நூற்றுக்கு நூறு பலிக்கும் என்றே வைத்துக்கொள்ளுவோம். தம்பியின் விளையாட்டில் அப்படித்தானே, பகடை விழுந்தால் மந்திரம் பலிக்கும். அப்போதும் தப்பா?

தப்பு என்றே நான் நினைக்கிறேன். காரணம் சொல்லுகிறேன். அந்தச் சகோதரிக்கு வேண்டியது குடிக்காத ஒரு உடம்பு மாத்திரமல்ல. தன்னையும் பிள்ளைகளையும் நினைத்துத் திரும்பி வருகிற ஒரு புருஷன் வேண்டும். பொடி வேலை செய்தால், திரும்பி வருகிறது யார்? அவன் சிரித்தால் அது அவன் சிரிப்பா பொடியின் சிரிப்பா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? 'நீதான் எனக்கு எல்லாம்' என்று அவன் சொன்னாலும் அதை நம்ப முடியாத ஒரே ஆள் அந்த வீட்டில் அவர்கள்தான். எதை வாங்கப் போனார்களோ அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும்.

ஆதியாகமம் 30ஆம் அதிகாரத்தில் ராகேல் இப்படித்தான் தன் அக்காளிடம் தூதாயீம் கனிகளுக்குப் பேரம் பேசினாள். பிள்ளை உண்டாக்கும், பிரியத்தை உண்டாக்கும் என்று அந்தக் காலத்து ஜனங்கள் நம்பின கனி அது. விலையாக அன்றிரவு தன் புருஷனையே அக்காளுக்கு விட்டுக்கொடுத்தாள். கனியை வாங்கினவள் ராகேல், அந்த முறை கர்ப்பந்தரித்தவளோ லேயாள். வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ராகேலை நினைத்து இரக்கமாயிருக்கிறது.

சகோதரி விடவில்லை. விடாததும் நல்லதுதான். "அவரு சொந்த மனசுப்படி செஞ்சா குடிக்கத்தானே போறாரு பாஸ்டர்? அந்தச் சொந்த மனசை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?" என்றார்கள். இதற்கு முழுப் பதில் என்னிடம் இருக்கிறது என்று நான் பாசாங்கு பண்ணமாட்டேன். ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல முடிந்தது. அவன் கையைத் தடுக்கிறது வேறு, அவன் மனதைத் திருடுகிறது வேறு. சம்பளத்தை வீட்டுச் செலவுக்கு நேரே தரும்படி மேஸ்திரியையும் வைத்துக்கொண்டு கேட்கலாம். குடிநோய்க்கு வைத்தியம் இருக்கிறது, அதற்குக் கூட்டிக்கொண்டு போகப் பெரியவர்கள் நாலு பேர் சேர்ந்து வற்புறுத்தலாம். அடித்தால் போலீஸுக்குப் போகலாம். குடும்ப வன்முறைக்கு விரோதமான 2005ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, அடிக்கிறவனைத் தடுக்க மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடலாம். இதெல்லாம் கடுமைதான். அவனுக்குக் கோபம் வரும். ஆனால் யார் தடுத்தார்கள், எதற்காகத் தடுத்தார்கள் என்று அவனுக்குத் தெரியும். எதிர்த்துப் பேச அவனுக்கு வாய் இருக்கும். வசியத்தில் அந்த வாயைத்தான் முதலில் கட்டுகிறோம்.

தம்பியின் காவல்காரனுக்கும் இதையே சொல்லுவேன். கத்தியைவிட வசியம் மேல் என்கிறாய். உயிர் போகாது, அதுவரை சரி. ஆபத்தான ஒரு நேரத்தில் அதுவே குறைந்த கெடுதலாகவும் இருக்கலாம். ஆனால் கத்தியோடு எதிரே வருகிறவனைக் காவல்காரன் எதிர்த்து நிற்கலாம், தோற்றாலும் காவல்காரனாகவே தோற்பான். வசியப்பட்டவனோ தன் கையாலேயே கதவைத் திறந்து, தன்னை நம்பினவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். விடிந்ததும் எஜமான் வந்து, கதவைத் திறந்தது யார் என்று கேட்பான். அதற்கு அவன் என்ன சொல்லுவான்? ரத்தம் சிந்தவில்லை என்பதினால் ஒன்றும் சிந்தவில்லை என்று ஆகிவிடாது.

இன்னொரு காரியம் எனக்கு ஆச்சரியமாயிருந்தது. தம்பி போனில் காட்டினதை வைத்து, 'சார்ம் பெர்சன்' என்கிற அந்த மந்திரத்தைப்பற்றி நானும் தேடிப் படித்தேன். 1974ல் வந்த முதல் விதிப்புத்தகத்தில், மந்திரத்தில் விழுந்தவன் அதை யாராவது முறிக்கிறவரைக்கும் மந்திரவாதியின் கைக்குள்தான். 1978ல் வந்த புத்தகத்தில் அதைக் கொஞ்சம் இறக்கினார்கள். புத்தி மந்தமானவன் மாதக்கணக்கில் கட்டுண்டு கிடக்கலாம், புத்திசாலி சீக்கிரம் விடுபடுவான். 2014ல் வந்த புத்தகத்தில் ஒரு மணி நேரந்தான். அதோடு ஒரு புது விதி: நேரம் முடிந்ததும், தன்னை வசியம்பண்ணினது இன்னார் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதே புத்தகத்தில் 'பிரெண்ட்ஸ்' என்று அதைவிடச் சின்ன மந்திரம் ஒன்று உண்டு. அது ஒரு நிமிஷந்தான். முடிந்ததும் அவன் பகைவனாகவே மாறிவிடுவான். சபையும் பிரசங்கமும் இல்லாத ஒரு மேஜையில், விளையாடி விளையாடியே நாற்பது வருஷத்தில் இந்த இடத்துக்கு வந்திருக்கிறார்கள். கூட விளையாடுகிற நண்பனுடைய பாத்திரத்தின்மேல் அவனைக் கேட்காமல் இந்த மந்திரத்தைப் போடுகிறதில்லை என்று பல மேஜைகளில் முதலிலேயே பேசிக்கொள்ளுகிறார்களாம். தம்பிக்கு நான் கொடுக்கிற ஆலோசனையும் இதற்குப் பக்கத்தில்தான். மந்திரத்தைப் போடு, போடாதே என்பதல்ல. போட்டபின் அந்தக் காவல்காரனுக்கு விடிகிற வரைக்கும் கதையை நடத்திப் பாருங்கள்.

'அவனுக்குத் தெரிந்துவிடும்' என்கிற அந்த விதியை நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். ஒருவரை இணங்கவைக்க நான் செய்கிற காரியம், அவருக்குத் தெரிந்தால் பலிக்குமா பலிக்காதா? தெரிந்தும் பலித்தால் அது பேச்சு, வேண்டுதல், புத்திசொல்லுதல். தெரிந்தால் பலிக்காது என்றால் அது வசியம். மை இருக்கிறதா தகடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதே இல்லை. தெலீலாள் மந்திரம் ஒன்றும் வைக்கவில்லை. பெலிஸ்தரின் அதிபதிகளிடம் ஆளுக்கு 1,100 வெள்ளிக்காசு பேசிக்கொண்டு, அதை மறைத்து, சிம்சோனை நாள்தோறும் நச்சரித்தாள், அவ்வளவுதான்.

வாரநாட்களில் நான் செக்கிங் செக்‌ஷனில் நிற்கிறவன். ஆகையால் கம்பெனிக்குள் நடக்கிறதும் தெரியும். வெள்ளிக்கிழமை ஷிப்மெண்ட் என்றால் வியாழக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசருக்கு எங்கிருந்தோ அன்பு பொங்கிவிடும். டீ வரும், தேங்காய் பன் வரும். 'தங்கச்சி, உன்னய நம்பித்தான் சரக்கே இருக்குது' என்பார். ஒன்றரை ஷிப்டு முடிந்தும் அந்தப் பெண் இராத்திரி பன்னிரண்டு மணிவரை பவர் டேபிளை விட்டு எழுந்திருக்கமாட்டாள். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல். டீ கொடுக்கிறது தப்பா? இல்லை. 'வெள்ளிக்கிழமை சரக்குப் போகணும், ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளம், முடிஞ்சா இரும்மா, முடியலைன்னா போயிட்டு வாம்மா' என்று சொல்லிவிட்டு அந்த டீயைக் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் நிறையப் பேர் இருப்பார்கள். சிலர் போய்விடுவார்கள். அந்தச் சிலர் போய்விடக்கூடாது என்பதற்காகத்தான் 'தங்கச்சி' வருகிறது.

இதிலும் பெரிய வசியம் ஒன்றை நம்ம பகுதி நூல் மில்களில் பார்த்தோம். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர். தென் மாவட்டங்களின் ஏழை வீடுகளுக்கு ஏஜெண்ட் போவார். மூன்று வருஷம் மில்லில் வேலை, ஹாஸ்டல், சாப்பாடு, முடிவில் கல்யாணச் செலவுக்கு 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கைக்கு வரும் என்பார். ஹாஸ்டலை விட்டு வெளியே போக முடியாமல் அடைபட்ட பிள்ளைகளையும், கெடு முடிகிறதற்கு முன்னே வியாதியினாலோ வேறு காரணத்தினாலோ வெளியேறி அந்த மொத்தப் பணத்தை இழந்த பிள்ளைகளையும்பற்றி 2011ல் நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு சேர்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டன. திருப்பூர் பனியன் போகிற தேசங்களிலெல்லாம் அது பேச்சாயிற்று. அந்த ஏஜெண்ட் யாரையும் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. 'சுமங்கலி' என்ற ஒரே வார்த்தைதான். மகளுடைய கழுத்தில் தாலியைப் பார்க்க ஆசைப்படுகிற ஏழைத் தாயிடம் அதைவிடப் பலமான மந்திரம் வேறு ஏது? தம்பியின் விளையாட்டில் 'சஜெஷன்' என்றும் ஒரு மந்திரம் இருக்கிறது. 2014 புத்தகத்தில் அதற்கு விதி என்ன தெரியுமா? சொல்லுகிற காரியம் கேட்கிறவனுக்கு நியாயமாகத் தோன்றும்படி சொல்லவேண்டும். படித்தபோது எனக்கு மில் ஹாஸ்டல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

நம்ம தேசத்துச் சட்டமும் இதை அறிந்திருக்கிறது. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் சம்மதம் இருந்தால் மட்டும் போதாது, அது சுயாதீனமான சம்மதமாக இருக்கவேண்டும் என்று 10ஆம் பிரிவு சொல்லுகிறது. ஒருவனுடைய சித்தத்தின்மேல் ஆளுகை செலுத்தக்கூடிய இடத்தில் இருக்கிறவன் அந்த இடத்தைப் பயன்படுத்தி அநியாய ஆதாயம் எடுத்தால், அந்தச் சம்மதம் செல்லாததாக்கத் தக்கது என்பது 16, 19-ஏ பிரிவுகளின் சாரம். ஆவிக்குரிய ஆலோசகராக இருக்கிற போதகரும் அப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறவர்தான்.

அப்படியானால் ஜெபம் என்ன என்று யாராவது கேட்பீர்கள். 'என் புருஷன் மனதை மாற்றும் ஆண்டவரே' என்று அந்தச் சகோதரி வெள்ளிக்கிழமை உபவாசத்தில் அழுகிறதும் ஒரு வசியந்தானே? நானும் இதை யோசித்தேன். மாற்கு 10ஆம் அதிகாரத்தில் ஒரு ஐசுவரியவான் ஓடிவந்து முழங்கால்படியிட்டான். இயேசு அவனைப் பார்த்து அவன்மேல் அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது. உள்ளதைச் சொன்னார். அவன் துக்கத்தோடு போய்விட்டான். காற்றையும் கடலையும் அதட்டினவர் அவனை மட்டும் போகவிட்டார். நாம் ஜெபிக்கிறது இப்படிப்பட்டவரிடத்தில் என்றால், 'அவனைக் கட்டி என்னிடம் கொண்டுவாரும்' என்று கேட்டாலும் அவர் அப்படிச் செய்யப்போகிறதில்லை. அதோடு, சகோதரி புருஷனுக்காக ஜெபிக்கிறது அவனுக்கும் தெரியும். சில நேரம் அதற்காக அவன் திட்டுகிறான். பொடியை அப்படித் தெரிய வைத்துக் கொடுக்க முடியாது.

பவுல் பிலேமோனுக்கு எழுதின நிருபத்தை எடுத்து வாசியுங்கள், ஒரே அதிகாரம். ஓடிப்போன அடிமை ஒநேசிமுவைத் திரும்ப அனுப்புகிறார். கட்டளையிட எனக்குத் துணிவு இருந்தும், அன்பினிமித்தம் கேட்டுக்கொள்ளுகிறேன் என்ற கருத்தில் எழுதுகிறார். உன் சம்மதமில்லாமல் ஒன்றும் செய்ய மனதில்லை, நீ செய்கிற நன்மை கட்டாயமாயிராமல் மனப்பூர்வமாயிருக்கவேண்டும் என்கிறார். கொஞ்சம் கீழே போனால், நீ உன்னையே எனக்குக் கடனாகச் செலுத்தவேண்டியவன் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை என்று சொல்லாமல் சொல்லியும்விடுகிறார்! நெருக்குதல்தான், மறுக்க முடியாது. ஆனால் நிருபத்தைப் பிலேமோனுக்கு மட்டும் எழுதாமல், அவன் வீட்டில் கூடுகிற சபைக்கும் சேர்த்து எழுதினார். எத்தனை நெருக்குகிறார் என்று எல்லாரும் பார்க்கலாம், பிலேமோனும் பார்க்கலாம்.

கடைசியாக நம்ம மேடையைப்பற்றி. அப்போஸ்தலர் 8ல் சீமோன் என்கிற மாயவித்தைக்காரன் சமாரியா ஜனங்களை வெகுநாள் பிரமிக்கவைத்திருந்தான். விசுவாசித்து ஞானஸ்நானமும் எடுத்தான். அப்போஸ்தலர் கை வைத்ததைப் பார்த்தவுடனே அவனுக்கு என்ன தோன்றியது? இது என்னுடையதைவிட நல்ல வசியம், விலை என்ன என்று தோன்றியது. சபைக்குள் வந்தபிறகும் பழைய கண்ணோடேயே பார்த்தான். சீமோன் சமாரியாவோடு போய்விட்டான் என்று நினைக்கிறீர்களா? 'தசமபாகம் நிறுத்தினால் வீட்டில் வியாதி வரும்' என்று மேடையில் சொல்லுகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். தெய்வ கோபம் வரும் என்று நம்பவைத்து ஒருவனைச் செய்ய வேண்டாததைச் செய்யவைப்பதைக் குற்றம் என்று 1860ஆம் வருஷத்து தண்டனைச் சட்டத்தின் 508ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலிருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 354ஆம் பிரிவு. சட்டத்துக்குப் பயந்து இதை எழுதவில்லை. காணிக்கைப் பை வருகிற நேரத்தில் கீபோர்டில் மெதுவாக அழுகிற ராகம் ஒன்று எழும்புகிறதே, அது எதற்கு என்று என்னிடம் யாராவது கேட்டால், பை போகிறவரைக்கும் வெளிப்படையாகச் சொல்லக்கூடிய காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே காணிக்கை நேரத்தில் வாசிப்பை நிறுத்திவைக்கலாமா என்று இசைக்குழுத் தம்பிகளிடம் கேட்டிருக்கிறேன். கீபோர்டு வாசிக்கிற தம்பிக்கு இஷ்டமில்லை. சங்கீதக்காரரும் சுரமண்டலம் வாசித்தாரே பாஸ்டர் என்கிறான். நியாயமான கேள்வி. மூப்பர்களையும் வைத்துக்கொண்டு, வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்து பேசுவதாக இருக்கிறோம்.